வாப்பாவின் கண்ணும் ஏஐயும்

கேள்வி: வாப்பாவுக்குச் சீனி வருத்தம். கண் கிளினிக் வரிசையில் காத்துக் கிடக்கிறார். இனி டொக்டர் எதற்கு, ஏஐ பார்த்துவிடாதா? (வாசகர், கல்முனைக்குடி)

பதில்: பார்க்கும், நன்றாகவே பார்க்கும். அதற்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதுமார் யார் தெரியுமா? டொக்டர்மார்தான்! 2016இல் கூகுள் வெளியிட்ட ஆய்வில் 1,28,000க்கும் அதிகமான விழித்திரைப் படங்களை 54 கண் டொக்டர்மார் சீனி வருத்தப் பாதிப்பின்படி தரம் பிரித்துக் கொடுத்தார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா கண் ஆஸ்பத்திரி நோயாளிகளின் படங்களும் அதில் உண்டு.

அப்படிப் பழக்கிய ஏஐ கருவி தாய்லாந்துக் கிளினிக்குகளுக்குப் போனது. அங்கே நேர்ஸ்மார் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. காரணம் சின்னது. கண் பாவை விரிந்தால்தான் படம் சரியாக விழும். பாவை விரிய இருட்டு வேண்டும். பல கிளினிக்குகளில் இருட்டாக்கக்கூடிய தனி அறையே இல்லை. திருப்பி அனுப்பப்பட்ட நோயாளிக்கு இன்னொரு நாள் கூலி போனதுதான் மிச்சம்.

நம்மூருக்கும் ஏஐ வரட்டும், வரிசை குறையும். கூடவே திரை போட்ட அறையும் பயிற்சி பெற்ற நேர்ஸும் கேளுங்கள். பாதிப்பு இருந்தால் லேசர் வைக்க அப்போதும் டொக்டர்தான் வேண்டும். அதுவரை, பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருஷம் ஒருமுறை வாப்பாவைக் கண் காட்டக் கூட்டிப் போங்கள்.