பொன்னாடை போர்த்திய மனு

ஆரணிப் பட்டு நெசவாளருக்காகப் பேசச் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. என்ன ஒழுங்கு! மாநாடு, தீர்மானம், மனு, புகைப்படம். அடுத்த ஆண்டு அதே மனு. தேதி மட்டும் திருத்தம். காகிதச் சிக்கனம் என்றால் இதுதான்.

அரசும் சளைத்ததல்ல. 1985-லேயே கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்துவிட்டது. இன்று 11 ரகங்கள் கைத்தறிக்கு மட்டுமே உரியவை. கரை போட்ட சேலையும் அவற்றில் உண்டு. விசைத்தறி இந்தச் சட்டத்தை மீறுகிறதாம். பாவம், அதற்குப் படிக்கத் தெரியாது. 2015 முதல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 2020-ல் அந்த நாளுக்குச் சற்று முன்புதான் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள். வாழ்த்துச் சொல்ல வாரியம் எதற்கு?

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனாலும் கடைக்குப் போனதும் காஞ்சிபுரம் என்று பெயர் மாற்றிக்கொள்ளும் அதன் தன்னடக்கம் யாருக்கு வரும்?

மனு கொடுக்கும்போது அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்துவது மரபு. அது விசைத்தறியில் ஓட்டிய பாலியெஸ்டர். கைத்தறிப் பட்டு வாங்கச் சங்கத்துக்குக் கட்டுபடியாக வேண்டாமா? தலைவர்களே, அடுத்த தீர்மானத்தில் பொன்னாடைக்கும் மானியம் கேளுங்கள்.