எதிரொலிக்குப் புதுச் சட்டை

கேள்வி: பாட்டில் எதிரொலி சேர்க்க நான் பயன்படுத்தும் டிலே பிளக்-இன்னுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது. உடனே மாற்றிவிடலாமா?

பதில்: கையில் இருக்கும் பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டு மாற்றுங்கள். சொன்னதையே திருப்பிச் சொல்வதுதான் எதிரொலியின் வேலை. ஆனால் புதிய பதிப்பு பழையது சொன்னதையே சொல்லும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை!

1974-ல் வந்த ரோலண்ட் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோவில் நிஜமான டேப் ஓடியது. ஒரு ஹெட் பதிவு செய்யும். சற்றுத் தள்ளியிருக்கும் மூன்று ஹெட்கள் அதை வாசிக்கும். டேப் தேயும், மோட்டார் தடுமாறும், ஒவ்வொரு சுற்றிலும் ஒலியின் கூர்மை மழுங்கும். அந்தக் குறைகள்தான் அழகே! இன்றைய பிளக்-இன்கள் பலவும் அவற்றைத்தான் பாடுபட்டு நகலெடுக்கின்றன.

சிக்கல் ஃபீட்பேக்கில் இருக்கிறது. ஒவ்வொரு எதிரொலியும் அதே ஃபில்டர் வழியாக மறுபடி போகிறது. புதிய பதிப்பு அந்த ஃபில்டரில் கடுகளவு மாற்றம் செய்திருந்தாலும் ஐந்தாவது எதிரொலியில் அது பூசணிக்காய் ஆகிவிடும். நேரக்கணக்கு மாறாது: 120 பிபிஎம் பாட்டில் ஒரு தட்டுக்கு 500 மில்லிசெகண்ட், என்றைக்கும். மாறக்கூடியது குணம்.

அதனால் முதலில் எதிரொலியைத் தனி ஆடியோ டிராக்காக எடுத்து வையுங்கள். பழைய இன்ஸ்டாலரையும் அழிக்காதீர்கள். அதற்காக ஒரேயடியாகத் தள்ளிப்போடவும் வேண்டாம். 2019-ல் மேக்கின் கேட்டலினா இயங்குதளம் வந்தபோது பழைய 32-பிட் பிளக்-இன்கள் அதில் வாயே திறக்கவில்லை.