காதைத் தொடு பார்க்கலாம்

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளி டீச்சரைக் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் மணப்பெண்ணின் பட்டுப்புடவைக்கு விலை போட்டுக்கொண்டிருப்பார்கள். டீச்சரின் கண் மட்டும் இடுப்பு உயரத்துக்குக் கீழேயே அலையும். நாற்காலிகளுக்கு நடுவே ஓடும் ஒரு வாண்டைப் பிடித்து நிறுத்துவார். "கண்ணு, வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடு பார்க்கலாம்!" தொட்டுவிட்டால் பள்ளியில் சேர்க்கும் வயது வந்தாயிற்று என்று டீச்சர் முகம் மலர்ந்துவிடும். பிறப்புச் சான்றிதழ் வந்து எத்தனையோ காலமாகிவிட்டதுதான். ஆனால் சான்றிதழ் வீட்டு பீரோவில் இருக்கிறது. காது கையோடு வந்திருக்கிறதே.

பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது என்பது ஊருக்கு. சமீப வருஷங்களாக அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் 1ஆம் தேதியே தொடங்கிவிடுகிறது என்பது துறைக்கு. டீச்சருக்கு அது வளைகாப்பிலேயே தொடங்கிவிடும். புளிசாதத்தைப் பிசைந்தபடி இடது கையில் விரல் மடக்குவார். ஆவணியில் பிறந்தால் ஒண்ணாங்கிளாஸுக்கு எந்த வருஷம் வரும், ஒரு மாதம் முந்தினால் என்ன ஆகும்? பிள்ளைத்தாய்ச்சியிடம் ஆசீர்வாதத்தோடு ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்வார்: "வேன்ல எல்லாம் ஏத்திவிட்டுராத தாயி."

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. ஆகஸ்ட் 1ஆம் தேதி தலை எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு தலை குறைந்தாலும் மூன்றாவது ஆளுக்கு 'உபரி' என்று பட்டம் கட்டிப் பணிநிரவலில் எங்காவது அனுப்பிவிடுவார்கள். போகப்போவது ஜூனியர்தான், டீச்சர் அல்ல. ஆனால் 'எமிஸ்' இணையதளத்தில் பிள்ளைகள் விவரத்தைப் பதிவு போடத் தெரிந்தவள் அந்த ஜூனியர்தான். ஆகவே அறுபத்தொன்றாவது பிள்ளை எங்கிருந்தாலும் பிடித்து வந்தாக வேண்டும்.

மே வெயிலில் குடையும் நோட்டுமாகத் தெருவில் இறங்குகிறார். திண்ணையில் அப்பத்தா.

"பேரனை எங்க அப்பத்தா சேக்கப் போறீங்க?"

"வேன் வருதுல்ல டீச்சர். டை எல்லாம் கட்டி விடுறாகளாம்."

"இந்த வெயில்ல டையா? கழுத்து புண்ணாப் போயிரும். நம்ம ஸ்கூல்ல காலையிலயே சுடச்சுடப் பொங்கலும் சாம்பாரும் போட்டுருவாங்க. கிச்சடியும் உண்டு."

அப்பத்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசிக்கிறார். "பெரியவுகளுக்கு உண்டா?"

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைப் பற்றி ஆயிரம் அறிக்கைகள் வந்திருக்கலாம். அதன் பலத்தை முழுசாக உணர்ந்தவர் அந்தத் திண்ணையில் நின்ற டீச்சர்தான்.

பிள்ளை கிடைத்தாயிற்று, இனி பெயர். ஆதாரில் கவின், பிறப்புச் சான்றிதழில் கவின்ராஜ், வீட்டில் சின்னு. அவனைக் கேட்டால் "அப்பு" என்கிறான். அப்பாவின் போன் நம்பர் போன மாதம் மாறிவிட்டது. பழைய நம்பருக்குப் போகும் ஓடிபி திருப்பூரில் யாரோ ஒருவரைத் திடுக்கிட வைத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தது வகுப்பறைப் பீரோ. இதைத் திறக்கத் தைரியம் வேண்டும். டீச்சர் எதையும் தூக்கிப் போட்டவர் அல்ல. திட்டங்கள் வரும், போகும், அட்டைகள் போவதில்லை. அடித்தட்டில் 2007 வாக்கில் மாநிலமெங்கும் வந்த செயல்வழிக் கற்றலின் ஏணிப்படியும் அட்டைகளும். அணிலும் முயலும் வரைந்திருக்கும், ஓரம் கரையான் அரித்திருக்கும். அதற்கு மேலே 2012இல் முப்பருவ முறையோடு வந்த மதிப்பீட்டுப் பதிவேடுகள். அதற்கும் மேலே 2022இன் எண்ணும் எழுத்தும். அந்தப் பழைய முயல்தான் இப்போது காது மட்டும் புதிதாக ஒட்டப்பட்டு 'மு' சொல்லிக்கொடுக்கிறது. மூன்று திட்டங்களுக்கு உழைத்த முயல் அது. அதற்குத்தான் பென்ஷன் கொடுக்க வேண்டும்.

எண்ணும் எழுத்தும் வந்த பிறகு டீச்சருக்கு உலகமே மூன்று நிலை: அரும்பு, மொட்டு, மலர். எழுத்துத் தெரியாத பிள்ளை அரும்பு, தட்டுத் தடுமாறுவது மொட்டு, தன் வகுப்புப் பாடத்தைப் படிப்பது மலர். பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. "இவருக்கு ரசம் வைக்கத் தெரியுமா?" என்று நாத்தனார் கேட்டால், டீச்சர் கணவரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொல்வார்: "இன்னும் அரும்புதான்."

அந்த அரும்புதான் மே கடைசியில் வீட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்து 'நல்வரவு' சார்ட்டுக்கு வண்ணம் தீட்டுகிறது. தேதி மட்டும் எழுதக் கூடாது என்பது கட்டளை. 2023இல் பட்டது அப்படி. ஐந்தாம் வகுப்பு வரை ஜூன் 5 என்றார்கள், எழுதினார். வெயில் தணியவில்லை, 7 என்றார்கள். வெள்ளைத்தாள் ஒட்டி எழுதினார். பிறகு 14 என்றார்கள். இரண்டு தாள் ஒட்டி அந்த இடம் மட்டும் அப்பளமாகப் புடைத்து நின்றது. அதிலிருந்து தேதிக்குத் தனிச் சீட்டு, ஒரு குண்டூசி. ஜூன் நெருங்கினால் டீச்சர் டிவியில் வானிலை பார்ப்பார். 41 டிகிரி என்றால் கையில் குண்டூசி தயார். (ஆசிரியருக்கு மே மாதம் சும்மா சம்பளம் என்று பேசுபவர்கள் ஒரு நாள் அந்தக் கூடத்தில் படுத்து வண்ணம் தீட்டிப் பார்க்கலாம்.)

கால அட்டவணைதான் டீச்சரின் கலைப்படைப்பு. ஐந்து வகுப்பு, மூன்று ஆசிரியர். தமிழுக்குப் பச்சை, கணக்குக்குச் சிவப்பு, ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டம். முதல் நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு ஹெச்.எம்.முக்கு போன் வரும். பாடப்புத்தகம் வந்திருக்கிறது, குட்டியானை பிடித்துக்கொண்டு வரவேண்டும். பத்தரைக்கு ஜூனியர் எமிஸோடு ஜன்னலோரம் போய்விடுவாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். பத்தே முக்காலுக்கு ஐந்து வகுப்பும் டீச்சருடையது. பச்சையும் சிவப்பும் சுவரில் அழகாகத் தொங்கும்.

கிரீடம் வைத்த புதுப் பிள்ளைகளில் நாலு பேர் அழுகிறார்கள். சின்னு அழவில்லை, கொடுத்த மிட்டாயைத் தின்றுவிட்டு அடுத்தவன் கிரீடத்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டான். புத்தகப் பைகூட வேண்டாம், மத்தியானச் சாப்பாடு எப்போது என்றுதான் கேட்கிறான். டீச்சர் அவனை மட்டும் இரண்டு முறை எண்ணுகிறார். அறுபத்தொன்று.

ஜூலை நடுவில் குறுவள மையத்தில் பயிற்சி. தலைப்பு: புதிய கல்வியாண்டுக்கு ஆசிரியர்கள் தயாராவது எப்படி. கருத்தாளர் வயதில் சின்னவர், ஒரு சார்ட்டை மாட்டிவைத்து ஆர்வமாகப் பேசினார். டீச்சர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்று பின்னூட்டப் படிவத்தில் டீ வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். குழுச் செயல்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது கருத்தாளர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார்:

"சார், சாயங்காலம் முடிஞ்சதும் அந்த சார்ட்டை நான் எடுத்துக்கலாமா? பின்பக்கம் வெறுமையாத்தானே இருக்கு."