ஆர்.சி. யாரு பேர்ல?

கூட்டுறவு வங்கிக் கடன் பிரிவில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தவர் பெரியப்பா. எந்தக் கதையையும் ஜாமீன் கையெழுத்திலிருந்துதான் படிப்பார். தம்பி மகள் யாழினிக்குச் சோறே கொரியப் படம். 2012-ல் வந்த ‘ஹ்வாச்சா’ ஓடி முடிந்திருந்தது. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா: என்ன கண்ணு அழுகாச்சி? அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவுன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே.

யாழினி: பெரியப்பா! கொட்டற மழை. ஹைவேல வண்டியை நிறுத்திட்டு அவன் காபி வாங்கப் போறான். திரும்பி வந்தா கார்க் கதவு திறந்து கிடக்கு, கட்டிக்கப் போறவளைக் காணோம். அவ வீட்டுல ஒரு கைரேகைகூட இல்லீங்க. உங்களுக்கு வட்டிதான் தோணுதா?

பெரியப்பா: ரேகையை அழிக்கறவ ஏதோ ஒரு பத்திரத்துல வெச்சிருக்கான்னு அர்த்தம். இந்தப் படத்துக்கு மூலமான ஜப்பான் நாவல், மியாபே மியுகி 1992-ல எழுதினது, அதை நானும் இங்கிலீஷ்ல படிச்சவன்தான். அதுல மாப்பிள்ளை பாங்க்காரன். கார்டு ஒண்ணு வாங்கிக்கோன்னு அவனே சொல்றான். விண்ணப்பம் போன பிறகுதான் குட்டு உடையுது, அந்தப் பேர்ல ஏற்கெனவே ஒருத்தி திவால் ஆகியிருக்கான்னு. பேரைத் திருடப் போனவ திவாலையும் சேர்த்துத் திருடிட்டு வந்திருக்கா! இப்பேர்ப்பட்ட இடத்துல பாங்க்காரனைத் தூக்கிட்டு மாட்டு டாக்டரைப் போட்டிருக்கானே உங்க கொரியாக்காரன்?

யாழினி: கொரியாக்காரி. டைரக்டர் பியோன் யோங்-ஜூ. மாட்டு டாக்டரும் இல்ல, நாய் பூனைக்கு. பாங்க்காரனைப் பார்த்து யாருங்க அழுவாங்க? நாவல்ல அவன் கோவிச்சுக்கிட்டுக் கழண்டுக்கறான், லீவுல இருக்கற போலீஸ்காரர்தான் அலையறார். படத்துல காதலனே தேடறான்.

பெரியப்பா: பாங்க்காரன் செஞ்சதுதான் முறை. வராத கணக்கை எழுதித் தள்ளிடணும். உங்காளு செத்த கணக்கைப் பிடிச்சுத் தொங்கறான்.

யாழினி: நாவல்ல அவ கடைசிப் பக்கத்துலதான் வர்றா. வாய் திறக்கறதுக்குள்ள புஸ்தகம் முடிஞ்சுடுது. இங்க அவளா நடிக்கற கிம் மின்-ஹீ, பேருக்காக ஒருத்தியைக் கொன்னுட்டு ரத்தத்துக்கு நடுவுல தவழ்ந்து தவழ்ந்து ஓங்கரிக்கறா. பார்த்துட்டு எப்படீங்க தூங்கறது?

பெரியப்பா: அதான். முகத்தைக் காட்டினதும் நீ கொலைக்கே தள்ளுபடி கொடுத்துட்ட. நாங்களும் முகத்தைப் பார்த்துத்தான் நிறைய ஏமாந்தோம்.

யாழினி: அப்பன் வாங்கின கடனுக்குப் பொண்ணைத் துரத்தறாங்க. கல்யாணம் கட்டிப் போன வீட்டு வாசல்லயும் வந்து நிக்கறாங்க. அவ வேற என்ன பண்ணுவா?

பெரியப்பா: நாவல்ல ஒரு வக்கீல் வர்றார். கடன்ல விழறவன் எல்லாம் ஊதாரி இல்ல, கார்டு கொடுக்கற முறையே அப்படின்னு பக்கம் பக்கமா வகுப்பு எடுக்கறார். நான் அடிக்கோடு போட்டே படிச்சேன். அதைச் சுருக்கிட்டாங்களே.

யாழினி: கொரியாவுல அந்த வகுப்பை வீட்டுக்கு வீடு எடுத்தாச்சு. 1997-ல பொருளாதாரம் படுத்ததும், கார்டுல செலவு பண்ணுங்கன்னு அரசாங்கமே வரிச்சலுகை கொடுத்துச்சு. கார்டு ரசீதுக்குக் குலுக்கல் பரிசு வேற. ஜனம் அஞ்சு கோடிகூட இல்ல, 2002-ல பத்துக் கோடிக்கு மேல கார்டு. அடுத்த வருஷமே கார்டு கம்பெனிகள் தள்ளாடிச்சு.

பெரியப்பா: (நிமிர்ந்து உட்கார்ந்து) ரசீதுக்குக் குலுக்கலா? வசூலுக்குச் சைக்கிள் மிதிச்சே என் முட்டி தேஞ்சுபோச்சு. இந்த யோசனை எங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் வரலியே!

யாழினி: தலைப்புக்கு அர்த்தம் தெரியுமுங்களா? பாவிகளை ஏத்திக்கிட்டு நரகத்துக்குப் போற எரியற வண்டி. ஜப்பான்ல காஷா, கொரியாவுல ஹ்வாச்சா.

பெரியப்பா: எரியற வண்டியா! ஆர்.சி. யாரு பேர்ல?

யாழினி: ஏறினவ பேர்ல. அதுவும் திருடின பேரு.

பெரியப்பா: வண்டிக்கு லோன் கொடுத்தவன் எங்க? போலீஸ்காரரும் காதலனும் இத்தனை தூரம் தேடினாங்க, அவனைத் தேடலியே.

யாழினி: எதிர்ல உட்கார்ந்து வட்டி எவ்வளவுன்னு கேட்டுட்டு இருக்காருங்களே.

பெரியப்பா: நாங்க நகைக் கடன் மட்டுந்தான், கண்ணு.