ஓசி மகாராஜாக்கள்

விடியற்காலை ஐந்து மணி. நம்மூர் விமான நிலையம் ஒன்றில் லவுஞ்ச் வாசலில் முப்பது பேர் வரிசை. ரேஷன் கடையில் பாமாயிலுக்கு நிற்பது போலத்தான் நிற்கிறோம். அங்கே கையில் பை, இங்கே சக்கரம் வைத்த பெட்டி.

எனக்கு முன்னால் நிற்பவர் ஐந்து கிரெடிட் கார்டுகளைச் சீட்டுக்கட்டாக விரித்து, எந்தக் கார்டில் இந்தக் காலாண்டுக்கு இன்னும் 'விசிட்' பாக்கி என்று கணக்குப் பார்க்கிறார். மேசையில் இருக்கும் பெண் ஒன்றை வாங்கித் தேய்க்கிறார். இரண்டு ரூபாய். அதுவும் கார்டுக்கு உயிர் இருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்ப்பதற்காக. அதற்குப் பிறகு இட்லி, பொங்கல், வடை, நூடுல்ஸ், முட்டை, பழச்சாறு, குலாப் ஜாமூன் எல்லாம் அவருடையது. எண்ணிக்கை கேட்க ஆளில்லை.

என் யோக்கியதை இன்னும் உயரம். மாதம் நான்கு தடவை பறக்கிறவன். விமானக் கம்பெனி கொடுத்த தங்க அட்டை சட்டைப்பையில் இருக்கிறது. எனக்கு அந்த இரண்டு ரூபாயும் கிடையாது.

உள்ளே போய் உட்கார்ந்தால் பக்கத்து சோபாவில் இரண்டு பேர். ஒருவர் தட்டில் மூன்றாவது வடை. அவர் நாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறார்.

"பிங்க் பஸ்ஸு, மாசம் ஆயிரம் ரூபா, காலைல டிபன்னு கொடுத்துக் கொடுத்தே ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டானுங்க சார்."

"எல்லாம் நம்ம டாக்ஸ் பணம் சார். ஓசின்னா நம்ம ஆளுங்க எதையும் விடமாட்டாங்க."

இப்படிச் சொன்னவர் இரண்டு வாழைப்பழத்தையும் ஒரு கேக்கையும் டிஷ்யூவில் சுற்றி, லேப்டாப் பைக்குள் பக்குவமாக இறக்கினார்.

2013இல் சென்னையில் அம்மா உணவகம் திறந்தபோது இட்லி ஒரு ரூபாய். லவுஞ்சில் கார்டைத் தேய்க்கும் அந்த இரண்டு ரூபாய்க்கு அங்கே இரண்டு இட்லி வரும். மூன்றாவது வேண்டுமென்றால் மூன்றாவது ரூபாயை வைக்க வேண்டும். சுமை தூக்குகிற மனிதன் எண்ணித்தான் சாப்பிடுகிறான். அதைப் பார்த்துத்தான் 'இலவசத்தால் கெட்டது தேசம்' என்று தலையங்கம் எழுதினோம். 2022 ஜூலையில் பிரதமர் இலவசங்களை 'ரேவடி கலாச்சாரம்' என்று சாடியபோது, குலாப் ஜாமூன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டியவர்கள் நாம்.

சரி, லவுஞ்ச் சாப்பாட்டுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? வங்கி ஒன்றும் தர்மசத்திரம் நடத்தவில்லை. நம் தட்டுக்கான பணத்தை அது லவுஞ்ச்காரருக்குக் கொடுக்கிறது. கொடுத்ததை மீட்க அதற்குப் பல வழிகள் உண்டு. இரண்டை மட்டும் சொல்கிறேன். நாம் கடையில் கிரெடிட் கார்டைத் தேய்க்கும்போதெல்லாம் நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு என்று கடைக்காரர் கணக்கில் கழிகிறது. அவர் அதைச் சரக்கின் விலையில் ஏற்றுகிறார். சுருக்குப்பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுக்கும் பாட்டியும் அதே விலையைத்தான் கொடுக்கிறாள். அவளுக்கு லவுஞ்ச் கிடையாது.

இரண்டாவது, தவணை தவறியவர்கள். மாதம் மூன்றரை சதவீதம், வருஷத்துக்கு 42. இதையே தெருமுனையில் ஒருவர் வாங்கினால் அதற்குப் பெயர் கந்துவட்டி. அவரைப் பிடிக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாகிவிட்டது. வங்கி வாங்கினால் அது நிதிச் சேவை. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருந்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கார்டைத் தேய்த்துவிட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக் கட்டி மூச்சு வாங்கும் ஒரு பையன் எங்கோ இருக்கிறான். நம் வடையில் அவன் எண்ணெய் இருக்கிறது.

'ஓசி' என்ற சொல்லுக்கு ஒரு கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட காலத்தில் கம்பெனி வேலையாகப் போகும் கடிதங்களுக்குத் தபால் கூலி கிடையாதாம். அப்படி முத்திரை குத்திய ஆங்கில எழுத்துகளே தமிழில் ஓசி ஆயின என்பார்கள். கதை நிஜமோ பொய்யோ, அது என்னைப் பற்றியதுதான். என் டிக்கெட்டுக்குக் காசு கட்டுவது கம்பெனி. கம்பெனி அதைச் செலவுக் கணக்கில் எழுதுகிறது. அதனால் அது அரசுக்குக் கட்டும் வரியும் கொஞ்சம் குறைகிறது. பறந்த மைல்கள் மட்டும் என் சொந்தக் கணக்கில் ஏறுகின்றன. அந்த மைல்களை வைத்துக் குடும்பத்தோடு கோவா போனேன். இதற்கு அகராதியில் 'விசுவாசத் திட்டம்' என்று பெயர். டவுன் பஸ்ஸில் பூக்கூடையோடு ஏறுகிற பெண்ணுக்குத்தான் ஓசி என்று பெயர்.

2021 மே மாதம் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் இலவசப் பயணம் வந்தது. அடுத்த ஆண்டே அமைச்சராக இருந்த பொன்முடி மேடையில் அதை 'ஓசி' என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த நாட்களில் கோவைப் பக்கம் ஒரு மூதாட்டி, ஓசிப் பயணம் வேண்டாம் என்று நடத்துநரிடம் காசை நீட்டி அடம்பிடித்த காணொளி ஓடியது. அது கட்சி ஏற்பாடு என்றும் சண்டை நடந்தது. போகட்டும். லவுஞ்ச் மேசையில் காசை நீட்டி "எனக்கு ஓசி வேண்டாம்" என்று சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை, ஏற்பாட்டுக்காகக்கூட.

ஓசிக்குள்ளும் சாதி உண்டு. பிசினஸ் கிளாஸ்காரருக்குக் கார்டுக்காரரைக் கண்டால் ஆகாது. "கண்டவனையும் உள்ள விட்டுட்டாங்க, உட்கார இடமில்ல" என்று அவர் முணுமுணுப்பார். அவருக்காக லவுஞ்சுக்குள் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குள் இன்னொரு லவுஞ்ச். கோயிலில் எவர் எதுவரை வரலாம் என்று கோடு போட்ட கை, கண்ணாடிக் கதவையும் அளந்துதான் போட்டிருக்கிறது. 1939இல் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் உலகின் முதல் லவுஞ்சைத் திறந்து, அதற்கு 'அட்மிரல்ஸ் கிளப்' என்று பெயர் வைத்தது. கடலையே பார்க்காதவனுக்கும் கடற்படைத் தளபதிப் பட்டம். நாம் சும்மா இருப்போமா? ஆளுக்கொரு உலோகத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டோம். வெள்ளி, தங்கம், பிளாட்டினம். இப்போது வங்கிகள் பல, முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவோம் என்கின்றன. வடைக்காகத் தேவையில்லாத டிவி வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கும் இலவசம் பிடிக்காது.

கதவுக்கு வெளியே நிலவரம் வேறு. 2018இல் முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சென்னை விமான நிலையத்தில் டீ கேட்டார். வெந்நீரும் ஒரு டீப்பையும் 135 ரூபாய் என்றார்கள். அதிர்ந்துபோய் வேண்டாம் என்று வந்துவிட்டதாகப் பொதுவெளியிலேயே எழுதினார். நாட்டுக்கே பட்ஜெட் போட்டவர் பயந்த டீயை, ஷார்ஜாவுக்குக் கம்பி கட்டப் போகிறவன் எப்படிக் குடிப்பான்? பத்து ரூபாய் டீ விற்கும் 'உடான் யாத்ரி கஃபே' 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும்தான் வந்தது. ஏன் அவ்வளவு தாமதம்? சத்தம் போடத் தெரிந்தவர்கள் எல்லோரும் லவுஞ்சுக்குள் வாய் நிறைய வடையோடு இருந்தோம். அதனால்தான்.

நானும் அன்று சாப்பிட்டேன். இரண்டு வடை, பொங்கல், காபி. சாப்பாட்டில் குற்றமில்லை, பசித்தவன் சாப்பிடத்தான் வேண்டும், லவுஞ்சிலும் சரி, பள்ளிக்கூடத்திலும் சரி. குற்றமெல்லாம் ஏப்பம் விட்ட பிறகு பேசுகிற பேச்சில் இருக்கிறது.

ஆகவே, தங்க அட்டை வைத்திருக்கும் சகோதரர்களே, அடுத்த முறை பஸ்ஸில் போகிற பெண்ணைப் பார்த்து 'ஓசி' என்று சொல்ல வாய் திறப்பதற்கு முன்னால், வாயில் இருக்கும் வடையை முழுங்கிவிடுங்கள். அதற்குக் காசு கொடுத்தவள் அவளாகவும் இருக்கலாம்.