காத்திருப்போர் பட்டியல் கனவான்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திருவள்ளூர் செல்லும் சாலையில், ஏரிக்கரையும் கம்பெனி மதிற்சுவரும் மாறி மாறிக் கண்ணில் படுகிற இடத்தில் மண்ணூர் என்றோர் ஊர் இருக்கிறது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் கார்கள் வெளிவரத் தொடங்கியதும், பிறகு 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸான் தொழிற்சாலை திறக்கப்பட்டதும், இவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகள் சுற்றுவட்டாரமெங்கும் முளைத்ததும், பஞ்சாங்கத்தைப் பார்த்து நாள் கணக்கிட்ட கிராமங்களை ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்து நாள் கணக்கிடும் கிராமங்களாக மாற்றிவிட்டன. அந்த அட்டவணை உற்பத்தி செய்திருக்கும் மனித வர்க்கங்கள் பல. அவற்றுள், வருஷந்தோறும் விடாமுயற்சியுடன் உல்லாசப் பிரயாணத்துக்கு முன்பதிவு செய்து, வருஷந்தோறும் தவறாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிற குவாலிட்டி மேனேஜர் என்னும் வர்க்கத்தைப் பற்றி எவரும் இதுவரை எழுதாதது இலக்கியத்துக்கு நேர்ந்த நஷ்டம் என்றே சொல்வேன்.

உத்தியோகத்தில் இவரைப்போல் நிதானஸ்தர் கிடையாது. தவறு செய்ய முடியாதபடியே வேலையை அமைத்துவிட வேண்டும் என்று ஜப்பானிய நிபுணர் ஷிகேயோ ஷிங்கோ வகுத்த 'போகா-யோகே' சித்தாந்தத்தை, புதிதாக வந்து சேரும் டிப்ளமா பையன்களுக்கு இவர் உபதேசிப்பதைக் கேட்டால், ஒரு போல்ட் இடம் மாறி உட்காருவது பஞ்சமாபாதகங்களோடு சேர்க்கத்தக்கது என்ற பயம் நமக்கே வந்துவிடும். லைன் ஒரு நிமிஷம் நின்றால் அதற்குக் காரணம், காரணத்துக்குக் காரணம், அது மறுபடி நிகழாமலிருக்கப் பரிகாரம் என்று எட்டுப் படிகளில் அறிக்கை கேட்பார். அப்பேர்ப்பட்டவர் சொந்தக் குடும்பத்தை ஊட்டிக்கு அழைத்துச் செல்லக் கைப்பேசியைத் திறந்த மாத்திரத்தில் அந்தச் சித்தாந்தமெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

முழுப் பழியையும் அவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. ஆயுத பூஜையன்று இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் பங்கிட்டபின், ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலுள்ள அத்தனை கம்பெனிகளும் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் கதவைச் சாத்துகின்றன. திருநெல்வேலிக்காரரும் தருமபுரிக்காரரும் ஒடிசாக்காரரும் ஒரே சாயங்காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது, பஸ்ஸிலும் ரயிலிலும் இடம் கிடைப்பது பூர்வ ஜன்ம புண்ணியத்தைப் பொறுத்தது. ரயில்வேயும் தன் பங்குக்கு, 120 நாள் முன்னதாகப் பதிவு செய்யலாம் என்றிருந்த விதியை 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்துவிட்டது. புறப்படும் நாளைக் கணக்கில் சேர்க்காமல் அறுபது எண்ண வேண்டும். நம்மவர் சேர்த்து எண்ணுவார். ஆகவே செப்டம்பர் 30-ஆம் தேதிப் பிரயாணத்துக்கு ஆகஸ்ட் 1-ஆம் தேதி காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டியவர், அந்த நேரத்தில் தினசரிக் கூட்டத்தில் எவனோ ஒரு சப்ளையரின் மேல் சீறிக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் சாவதானமாக வந்து, காத்திருப்போர் பட்டியலில் மூன்று இலக்க எண்ணொன்றைப் பெற்றுக்கொண்டு, "மூவ் ஆயிடும்" என்று வீட்டாருக்கு அபயமளிப்பார்.

அது மூவ் ஆகாது. ஆனாலும் பட்டியலில் கிடப்பது அவருடைய விபத்துகளில் மிகச் சாதாரணமானது. காட்பாடியில் நள்ளிரவு தாண்டி இருபது நிமிஷத்துக்கு ஏற வேண்டிய வண்டிக்குப் பதினான்காம் தேதி டிக்கெட் எடுத்துவிட்டு, பதினான்காம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மனைவி மக்களுடன் தலையணை சகிதம் பிளாட்பாரத்தில் போய் நின்று, வண்டி முந்தின ராத்திரியே போய்விட்டது என்ற தத்துவத்தைக் கூலிக்காரர் வாயால் தெரிந்துகொள்வார். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் செல்வோருக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாயிற்று. இரண்டு மலைக்கும் ஒரே இணையதளம் என்பதனால், ரூமை ஊட்டியில் போட்டுவிட்டுப் பாஸைக் கொடைக்கானலுக்கு எடுத்த பெருமையும் இவருடையதே. ஒரு தடவை வாடகைக் கார் ஒன்றை 'மண்ணூர்' என்று தட்டிப் பதிவு செய்துவிட்டு, விடியற்காலையில் வாசற்படியில் காத்திருந்தார். "சார், நான் மண்ணூர்லதான் நிக்கறேன், நீங்க எங்க?" என்று டிரைவர் மலையாளம் கலந்த தமிழில் கேட்டபோதுதான், பாலக்காட்டுப் பக்கத்திலும் ஒரு மண்ணூர் உண்டு என்ற பூகோள உண்மை வீட்டாருக்கு விளங்கியது. இதற்காக அவரை நான் பரிகசிக்கத் துணியமாட்டேன். 2002-ல் ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டுமென்று லண்டனிலிருந்து புறப்பட்ட இளம் ஜோடி ஒன்று, கனடா தேசத்து நோவா ஸ்கோஷியாவிலுள்ள இன்னொரு சிட்னியில் போய் இறங்கியது உலகப் பிரசித்தம். பெயர்ப் பொருத்தம் பார்த்து ஏமாறுவது கல்யாணத்தில் மட்டுமன்று.

இவ்வளவு துரதிருஷ்டசாலியின் முகத்தில், டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் வங்கிக்குத் திரும்பியதென்று குறுஞ்செய்தி வந்த அந்தச் சாயங்காலம், துக்கத்தின் சாயை சிறிதும் தென்படாமல், ஓர் இளமைப் பொலிவு பரவுவதை அவருடைய தர்மபத்தினி சில வருஷங்களாகவே கவனித்து வருகிறார். கூடவே இன்னொன்றையும் கவனித்திருக்கிறார். பிரயாணம் பொய்த்துப்போனதற்கு ஆறுதலாக வெளிவரும் அந்த மால்ட் விஸ்கி புட்டி, பிரயாணம் பொய்ப்பதற்குப் பல வாரம் முன்பே அலமாரியின் மேல்தட்டில், பழைய ஸ்வெட்டர்களுக்குப் பின்னால் வந்து அமர்ந்துவிடுகிறது.

இங்கேதான் மனிதரின் உண்மையான திட்டமிடும் சக்தி பிரகாசிக்கிறது. 2003 முதல் சில்லறை மது வியாபாரத்தைத் தானே நடத்திவரும் டாஸ்மாக், காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம், குடியரசு தினம், மே தினம், திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் முதலியவற்றுக்குக் கடையைப் பூட்டிவிடும். லீவு என்று நாம் எதையெல்லாம் கொண்டாடுகிறோமோ அவற்றில் பாதி அதற்கும் லீவு. 2025-ல் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் அக்டோபர் 2-ஆம் தேதி ஒன்றாக வந்தபோது, மண்ணூரில் எத்தனையோ பேர் மத்தியானம் பூட்டிய ஷட்டரின் முன் நின்று தேசப்பிதாவின் கொள்கைகளைப் பற்றிச் சிந்திக்க நேர்ந்தது. நம்மவர் சிந்திக்கவில்லை. அறுபது நாளைச் சரியாக எண்ணத் தெரியாத அந்தக் கனவான், எட்டு 'டிரை டே'க்களையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். வெளிநாட்டு ஆடிட் முடித்துத் திரும்பும் சகாவுக்கு, விமான நிலையத்து ட்யூட்டி ஃப்ரீயில் தலைக்கு இரண்டு லிட்டர் வரை வாங்கி வரலாம் என்ற சட்டத்தையும் முன்கூட்டியே ஞாபகப்படுத்தி வைப்பார்.

அந்த மாலையில் மொட்டை மாடியில் அவர் எதிரில் உட்காரும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. ஜப்பானிய அதிகாரி ஒருவர் பரிசளித்துப்போன, அடி பருத்து வாய் குவிந்த வாசனைக் கண்ணாடிக் குவளையைத் தேடுவார். அதில் வீட்டம்மாள் மணி பிளான்ட் வைத்திருப்பார். செடியைச் சொம்புக்கு மாற்றி, குவளையை விளக்கி, இரண்டு விரற்கடை ஊற்றி, மண்பானைத் தண்ணீரில் நாலே சொட்டு விட்டு, கண்ணை மூடி முகர்வார். தொட்டுக்கொள்ளச் சரஸ்வதி பூஜைச் சுண்டல். தேங்காயும் மாங்காயும் தாளித்த கறிவேப்பிலையும் சேர்ந்த அந்தக் கொண்டைக்கடலைக்கு முன்னால் ஸ்காட்லாந்துச் சீமைப் பலகாரம் எதுவும் நிற்காது என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம். எனக்கும் அதில் ஆட்சேபணையில்லை.

பிறகு 'ரூட் காஸ்' ஆரம்பமாகும். ஐந்து தடவை 'ஏன்' என்று கேட்டால் எந்தக் கோளாறின் வேரும் வெளிப்பட்டுவிடும் என்பது டொயோட்டாக்காரர்கள் உலகுக்கு அளித்த மந்திரம். ஏன் ஊட்டி போகவில்லை? டிக்கெட் கன்ஃபர்ம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை? ஒரு நாள் பிந்திவிட்டது. ஏன் பிந்தியது? எண்ணிக்கையில் கவனம் சிதறியது. ஏன் சிதறியது? அந்த வாரம் வீட்டில் விருந்தாளி. ஏன் விருந்தாளி? அவன் என் மைத்துனன். இரண்டாவது குவளை நிறையும் தருணத்தில் ஐந்தாவது 'ஏன்' எப்போதும் அந்த மைத்துனரிடமே போய் முடிவடையும். அவர் ஓசூரில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

குற்றவாளி அகப்பட்டதும் பேச்சு மால்ட்டின் மேன்மைக்குத் திரும்பும். நம் நாட்டு விஸ்கியென்று விற்கப்படுவதில் பெரும்பகுதிக்கு ஆதாரம் கரும்பாலைக் கழிவுப்பாகு. இதுவோ முளைகட்டி உலர்த்திய பார்லி. ஸ்காட்ச் என்று சொல்லிக்கொள்ள மூன்று வருஷமாவது மரப்பீப்பாயில் தவமிருக்க வேண்டும். "இது பாருங்க சார், பன்னிரண்டு வருஷம் வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து கன்ஃபர்ம் ஆனது. நாம அறுபது நாளைக்கே அலறுறோம்." ஸ்காட்லாந்தின் குளிரில் வருஷத்துக்கு இரண்டு சதவீதம் ஆவியாகிறதாம், பெங்களூர் வெயிலில் பத்துக்கும் மேலே போய்விடும். அந்த வெயிலாலேயே அங்கே சரக்கு சீக்கிரம் முதிர்கிறது. பெங்களூர்க்காரர்களின் அம்ருத் 2004-ல் கிளாஸ்கோவிலேயே அறிமுகமாகி, அதன் ஃப்யூஷனை 2010-ஆம் வருஷத்து விஸ்கி பைபிளில் ஜிம் மரே உலகின் மூன்றாவது இடத்தில் வைத்ததைச் சொல்லும்போது இவருக்குக் குரல் தழுதழுக்கும். உடனே குவாலிட்டி மேனேஜர் விழித்துக்கொள்வார்: "பத்து பர்சென்ட் ஸ்கிராப்! எங்க பிளான்ட்ல வந்தா என்னைய வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

இந்தச் சுகமான ஏற்பாட்டுக்கு இந்த வருஷம் பங்கம் வந்துவிட்டது. மே மாத ஷட்டவுன் தேதி தெரிந்ததும், வீட்டம்மாள் யாரிடமும் பிரஸ்தாபிக்காமல், காலண்டரில் பென்சிலால் அறுபது எண்ணி, குறித்த நாள் காலை எட்டு மணிக்கு, குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் காரியத்தை முடித்துவிட்டார். தினசரிக் கூட்டத்தின் நடுவில் போன் வந்தது.

"ஏங்க, கன்ஃபர்ம் ஆயிடுச்சுங்க. நாலு பேருக்கும்."

"ரூமு?"

"போட்டாச்சு. ஊட்டிலயேதான், ரெண்டு வாட்டி பாத்துட்டேன்."

"மேட்டுப்பாளையத்துலேருந்து மேல போக காரு, இ-பாஸு…"

"மலை ரயில்லயே கெடச்சிடுச்சுங்க. பாஸே வேணாம்."

மேட்டுப்பாளையம் முதல் உதகை வரை 46 கிலோமீட்டர், பதினாறு குகைகள், பல்சக்கரம் பற்றி ஏறும் தண்டவாளம்: யுனெஸ்கோ 2005-ல் பாரம்பரியச் சின்னமாக்கிய அந்த ரயிலில் இடம் கிடைத்ததை, சாவு வீட்டில் விவரம் சொல்லும் குரலில் அவர் எனக்குத் தெரிவித்தார். ஜன்னலோர சீட் என்றும் சொன்னார். சற்று நேரம் பேச்சில்லை.

"கல்லாருக்கு மேல அடிக்கடி மண்சரிவு வருமே சார், அது மே மாசத்துல வர்றதுண்டா?"

அது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் என்றேன்.

"இல்ல, கோடை மழை அங்க பலமா பெய்யும்னு கேள்வி," என்றார் அவர். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. "எதுக்கும் நீங்க அந்த வாரம் ஊர்லதானே இருப்பீங்க?"