மின்னஞ்சல் பலன்

பல்லி சொன்னால் பலன் பார்க்கப் பஞ்சாங்கம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகள் முடிவு சொல்வதற்கு முன் அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பலன் சொல்லத்தான் ஆளில்லை. அந்தக் குறையைப் பதினேழு வயதுப் பிள்ளைகளே தீர்த்துக்கொள்கிறார்கள்.

நிதியுதவிப் பிரிவு அப்பாவின் வருமான வரிக் கணக்கைக் கேட்டதா? சீட் உறுதி, சேர்க்காத பிள்ளைக்கு எதற்குக் கணக்கு? கேட்கவே இல்லையா? அதுவும் நல்ல சகுனம்தான், தாள்களெல்லாம் கச்சிதமாக இருக்கின்றன. முகவரியைச் சரிபார்க்கச் சொன்னார்களா? டி-ஷர்ட் பார்சல் கிளம்பிவிட்டது.

உண்மையில் விண்ணப்பித்த அத்தனை பேருக்கும் போவது ஒரே கடிதம். பெயரை மட்டும் கணினி மாற்றிப் போடுகிறது. நிஜமாகவே ஜாடை காட்ட நினைத்தால் ஐவி லீக் கல்லூரிகள் 'லைக்லி லெட்டர்' என்று தனிக் கடிதமே போடும், பெரும்பாலும் விளையாட்டு வீரர்களுக்கு. அதற்குப் பலன் பார்க்கும் வேலையே இல்லை.

ஆனாலும் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. 2014இல் எம்.ஐ.டி. அனுப்பிய நிதியுதவி மின்னஞ்சலின் அடியில், பொடி எழுத்தில், 'நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்' என்ற பொருளில் ஒரு வரி தவறி ஒட்டிக்கொண்டிருந்தது. 2009இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமோ, தான் நிராகரித்த சுமார் 28,000 பேரையும் வாழ்த்தி வரவேற்றது. பிறகு மன்னிப்பும் கேட்டது.

ஆகவே ஒன்றுமே சொல்லாத மின்னஞ்சலைத் தாராளமாக நம்பலாம். வாழ்த்து வந்தால் மட்டும், அடுத்த மின்னஞ்சல் வரும்வரை கேக் வெட்ட வேண்டாம்.